குங்குமம் கலந்த கிரீஸ்

மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருக்கும் உன் சைக்கிளின் முன்சக்கரம் தானாகச் சுற்றுகிறது. உச்சி வெயில், காற்று இல்லை, வைக்கோல்கூட அசையவில்லை. கால் சுற்று சுற்றும், டிக் என்று ஒரு சத்தம், நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சுற்றும்.

போன வாரம்தான் உன் பெண்சாதி அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அண்ணே, நானு பொண்ணு வூட்டோட போறன். அவுரு வண்டிய காயலாங்கடைல போட மனசு வரல. நீங்க வெச்சிக்குங்க" என்றாள். வாங்கிக் கொட்டகையில் கவிழ்த்து வைத்தேன். ஐந்து நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இன்று காலை ஸ்பானரை எடுத்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது, அது உனக்குத் தெரியுமே. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இதை அவளும் இப்போதுதான் கேட்கிறாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆயுத பூசை. என் வாசலில் இரண்டு பேர் வண்டியையும் துடைத்தோம். உன் முன்சக்கரம் ஆட்டம் கண்டிருந்தது. மதகடிப்பட்டிலிருந்து இருபது புது பேரிங் குண்டு வாங்கி வந்திருந்தாய், அச்சின் பக்கத்துக்குப் பத்து. தேய்ந்துபோன பழசை மடியில் கட்டிக்கொண்டு குளிக்கப் போனாய். நீ எதையும் எறிய மாட்டாய். நான் கிரீஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பதித்தேன். கடைசிக் குண்டு விரலை விட்டு நழுவிச் சாக்கடைக்குள் போய்விட்டது.

துழாவிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து என் பெண்சாதி கத்தினாள். "இன்னாய்யா இன்னும் நோண்டிக்கினு இருக்க? ஸ்பானரக் குடு, படைக்கணும்!"

படைத்துவிட்டால் மறுநாள்தான் ஆயுதத்தைத் தொடலாம். கடையும் திறக்காது. அந்தப் பக்கத்தை ஒன்பது குண்டோடு மூடி, நட்டை முடுக்கி, ஸ்பானரைக் கொடுத்துவிட்டேன். அச்சு நட்டின்மேல் அவள் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள். நீ தலை ஈரத்தோடு வந்தாய்.

"எல்லாம் செரியாடா?"

"செரிடா" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கத்தரிக்காய் மூட்டையோடு வில்லியனூர் சந்தைக்குக் கிளம்பிய நீ, ஏரிக்கரைச் சரிவில் கிடந்தாய். வண்டி உன் மேல் கிடந்தது. நெஞ்சுவலி என்றார்கள். நான் நம்பவில்லை. ஓர் இடம் காலியாக இருந்தால் குண்டுமேல் குண்டு ஏறும், சரிவில் சக்கரம் இறுகும், ஆளைத் தூக்கி எறியும். உன்னைக் கொன்றது நான்தான் என்று இத்தனை வருஷம் இருந்தேன். உன் சாவுச் சோற்றை வாயில் வைத்துத் துப்பியதற்கும் அதுதான் காரணம்.

இன்று அதே பக்கத்து நட்டைக் கழற்றி, குண்டுகளை மூடிப் பிடிக்கும் கோனை வெளியே எடுத்தபோது கை நின்றுவிட்டது. கிரீஸ் காயவில்லை. நேற்று வைத்ததுபோல் ஈரமாக, சிவப்பாக இருந்தது. ரத்தம் என்றே நினைத்தேன். முகர்ந்தேன். சந்தன வாசனை.

குண்டுகளைத் தட்டில் தட்டி எண்ணினேன். பத்து. மண்ணெண்ணெயில் கழுவி மறுபடியும் எண்ணினேன். பத்து. ஒன்பது பளபளவென்று இருந்தன. ஒன்று மட்டும் மங்கித் தேய்ந்திருந்தது. உன் மடியில் போன பழசு அது. அதன் இளக்கம்தான் அந்த டிக். கோனில் ஒரு கீறல் இல்லை. சக்கரம் இறுகவே இல்லையடா. அந்தப் பழசையும் சேர்த்து அப்படியே திரும்பப் பூட்டி வைத்துவிட்டேன்.

நட்டின்மேல் இட்ட குங்குமம் உள்ளே கிரீஸில் கலந்திருக்கிறது என்றால், இட்ட பிறகுதான் நீ அந்த நட்டைத் திறந்திருக்கிறாய். யாரும் ஸ்பானர் தொடாத நாளில், உன் வீட்டில், தனியாக. ஒன்று குறைவதை எண்ணிப் பார்த்திருக்கிறாய். நான் பொய் சொன்னதும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதச் சொன்னேன்.

அந்த விடியற்காலை நீ என் வாசலில் நின்று பெல் அடித்தாய். "டேய், வண்டி பறக்குதுடா! வெளிய வந்து பாரு!" என்று சிரித்தாய். இரண்டு தரம் கூப்பிட்டாய். பொய் சொன்ன பயத்தில் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தூங்குகிறேன் என்று நினைத்துப் போய்விட்டாய் என்றிருந்தேன். நீ அப்படி நினைத்திருக்க மாட்டாய்.

கொலைப்பாரம் இன்று இறங்கிவிட்டது. அது இருந்த இடத்தில் அந்தக் குரல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"மாமா, கடசியா இன்னா எழுதட்டும்?" என்கிறாள்.

வெளியே வந்துட்டேன்னு எழுதும்மா.