முன்சக்கரத்துல சுத்தின மஞ்சத்துணி

உ
முப்பிடாதி அம்மன் துணை

தாராவி
12-10-64

ஏ ஐயா வெயிலுமுத்து, நீ போன காயிதத்துல எழுதின ஏச்செல்லாம் ஆளு மாறிப் போச்சுய்யா, அது உன் தம்பி பூதத்தானுக்கு வரவேண்டியது இல்ல, எனக்கு வரவேண்டியது, அதச் சொல்லத்தான் நாலு நாளா இந்த நீலக் காயிதத்த எடுக்கதும் வைக்கதுமா இருக்கேன். பாரு, சுகம் கேக்காமலே ஆரம்பிச்சுட்டேன். இங்க நானும் பெரியப்பாவும் தம்பியும் அம்மன் புண்ணியத்துல நடமாட்டமா இருக்கோம், நீயும் அந்தக் குவைத்து வெயில்ல தலையில துணியப் போட்டுக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கேன்னு உன் கையால எழுதி நான் படிக்கணும். உங்க அம்மா கண்ண மூடும்போது உனக்கு ஒம்பது வயசு அவனுக்கு மூணு, அக்கா இனிமே நீதான்னு உங்க ரெண்டு பேரு கையையும் புடிச்சு என் கையில வச்சா. நான் பெத்த பிள்ளைகளா இருந்தா இம்புட்டுப் பயம் இருந்திருக்காதோ என்னமோ, தங்கச்சி குடுத்துட்டுப் போன பிள்ளைகளாச்சே, நாளைக்கு அவளுக்குப் பதில் சொல்லணுமேன்னு எனக்கு எந்நேரமும் ஒரு பதட்டம். அந்தப் பதட்டத்துல செஞ்ச காரியம்தான் இது.

நீ கப்பல் ஏறுதப்ப தம்பி கையில உன் மோட்டார் சைக்கிள் வண்டிச் சாவியக் குடுத்து, செம்பூருக்கு வேலைக்குப் போக வர ஓட்டிக்கோலேன்னு சொன்னே, ஞாபகம் இருக்கா. அவனும் ஒழுங்காத்தான் ஓட்டினான். நான்தான் ஒருநாள் காய் வாங்கப் போன எடத்துல, சயான் நாக்கா முக்குல லாரியில அடிபட்டுக் கெடந்த ஒரு மராட்டிப் பிள்ளையப் பாத்துட்டு வந்து மூணு நாளு சோறு எறங்காம இருந்தேன். ஊரு அம்மனுக்கு வெங்கல மணி வாங்கிப் போடுதேன் தாயே, இந்தப் பிள்ளைய மட்டும் பாத்துக்கோன்னு வேண்டி, மஞ்சத்துணியில காசு முடிஞ்சேன். நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், முடிஞ்ச துணிய சாமி படத்துக்கிட்ட வச்சிட்டு, காரியம் முடிஞ்சதும் கோயில்ல கொண்டு சேக்கணும். எனக்குத்தான் புத்தி அதிகமாச்சே. படத்துக்கிட்ட இருந்தா அம்மன் இந்தக் கோலி வீட்டுக்குள்ளயே இருப்பா, பிள்ள ரோட்டுல போகுதானே, அம்மனும் கூடப் போகட்டும்னு வண்டிக் கைப்புடியில கட்டிவிட்டேன். அவன் சேக்காளிப் பயலுவ கல்யாண மாப்பிள்ள எங்க கெளம்பிட்டாருன்னு கேலி பண்ணிருக்கானுவ. அவன் அவுத்துக் கொண்டாந்து, பெரியம்மா உன் அம்மனுக்கு லைசன்ஸ் இல்ல, படத்துக்கிட்டயே இருக்கச் சொல்லுன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டான். நான் விட்டனா. அடுத்த வெள்ளிக்கெழம அவன் குளிக்கப் போன நேரத்துல, அவன் கண்ணுல படாத எடமாப் பாத்து, முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்குதே அந்தக் கம்பி, அதுல உள்பக்கமா கீழ வச்சுக் கட்டினேன். நேந்துக்கிட்ட துணிய கத்தரிக்கக் கூடாதுல்லா, அதனால மிச்சத் துணி ஒரு மொழத்துக்கு அப்படியே தொங்கிச்சு. தொங்கினா என்னன்னு நெனச்சேன். எனக்கு வண்டியப் பத்தி என்னய்யா தெரியும்.

ஆனி மாசம் மொத மழ அன்னைக்கு கிங்ஸ் சர்க்கிள் தாண்டி வரும்போது வண்டி அவனத் தூக்கி எறிஞ்சிட்டு. வலது காலு ரெண்டு எடத்துல ஒடிஞ்சு, தாடையில அஞ்சு தையலு. அம்மன் அதோட விட்டா. மாவுக்கட்டப் போட்டு ரெண்டரை மாசம் இந்தப் பத்தடிக் கோலியில அவன் படுத்துக் கெடந்தான், பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து என்னடே ஆச்சுன்னு கேட்டா, மழையில வேகமா வந்தேன், எம் மேலதான் தப்புன்னே சொல்லுவான். உனக்கும் அதையேதான் சொல்லச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அந்தக் காயிதத்த எழுதினது நான்தானே. ஏலே, அண்ணன் கோவிப்பான், மழையில வழுக்கிட்டுன்னு எழுதட்டான்னு கேட்டேன், வேகம்னே எழுது பெரியம்மான்னுட்டான். எனக்கும் அவன் மேல வருத்தந்தான், ரெண்டு வார்த்த ஏசவும் செஞ்சேன். இப்ப நெனச்சா நாக்க அறுத்துப் போடலாம்னு இருக்கு.

வண்டி நம்ம ஜெயினுலாப்தீன் பாய் பட்டறையில கெடந்துது. பாய் கடையநல்லூர்க்காரரு, உனக்குத் தெரிஞ்சவருதான், அவருக்கும் கையில நெறைய வேல, ஆவணி மாசந்தான் நம்ம வண்டியப் பிரிச்சாரு. ஒருநாள் அக்கா கொஞ்சம் வந்துட்டுப் போங்கன்னு ஆள் விட்டாரு. போனேன். முன்சக்கரத்தக் கழட்டித் தனியா வச்சிருந்தாரு, கம்பியெல்லாம் பிஞ்சு ஒடஞ்ச கூடை கணக்கா இருந்துது. கடையில இருந்தவங்கள டீ குடிச்சிட்டு வாங்கடான்னு வெளிய அனுப்பிட்டு, காயிதத்துல மடிச்ச ஒரு பொட்டலத்த என் கையில குடுத்தாரு. பிரிச்சுப் பாத்தா மையும் கிரீசுமா முறுக்கிக் கயிறாப் போன என் மஞ்சத்துணி, நடுவுல காசு நெளிஞ்சு போயி. சக்கரத்து நடுக்கொடத்துல சுத்திக் கெடந்துது அக்கா, சக்கரம் திடீர்னு புடிச்சதுக்கு இதுதான் காரணம், மழையில நனைஞ்சு முடிச்சு எறங்கிருக்கும், வேகமா வந்திருந்தா வண்டி இந்த மட்டோட நின்னிருக்காது, பைய மெதுவாத்தான் வந்திருக்கான்னாரு. மனசுல போட்டுக்காதீங்க, கண்ணுல படுற எடத்துல கட்டிருந்தீங்கன்னா நானே அவுத்து மேல கட்டிவிட்டிருப்பேன், வேறு ஒரு ஆளுக்கும் சொல்ல மாட்டேன்னும் சொன்னாரு. அந்த மனுசன் சொன்னபடி இன்னைக்கு வரைக்கும் வாயத் தெறக்கல. நானும் தெறக்கல. பெரியப்பாவுக்குக் கூடத் தெரியாது. மாட்டுங்கா கோயிலுக்குப் போயி நின்னா தலைய நிமித்தி சாமியப் பாக்க முடியல, தாயே உம் மேல குத்தம் இல்ல, உன்னயக் கொண்டு போயி சக்கரத்துக்குள்ள கட்டின முட்டாள் நான்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்படி இருக்கையிலதான்யா உன் காயிதம் வந்துது. தம்பிக்குத் தமிழ் படிக்க வராதுன்னு உனக்குத் தெரியும், முன்சிபாலிட்டி பள்ளிக்கூடத்துல இந்தி படிச்ச பய, அண்ணன் என்ன எழுதிருக்கான் படி பெரியம்மான்னு மாவுக்கட்டுக் காலத் தலகாணியில தூக்கி வச்சுக்கிட்டு ஆசையாக் கேக்கான். நான் படிச்சேன். மூணு வருசம் ஓவர்டைம் பாத்து வாங்கின வண்டிய மூணே மாசத்துல ஒடச்ச திமிரு புடிச்சவன்னு நீ எழுதினத என் வாயால அவனுக்குப் படிச்சேன். குத்தத்தப் பண்ணினவ நான், சேலத் தலைப்புல அந்த நெளிஞ்ச காசு முடிஞ்சு கெடக்கு, அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு ம் ம்முன்னு கேக்கான். கடைசியில, இனிமே அவன் எனக்குக் காயிதம் போட வேண்டாம், எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்லன்னு எழுதிருந்தே பாரு, அத நான் படிக்கல. இவ்வளவுதான்னு மடிச்சுட்டேன். அவன் கெட்டிக்காரன், இன்னும் ரெண்டு வரி இருக்கே பெரியம்மா, நீ மூச்சே விடலயேன்னு கேட்டான். பெரியப்பாவ விசாரிச்சிருக்கான்டேன்னு சொல்லிச் சமாளிச்சேன். நான் நல்லுக் கொழாயில தண்ணி புடிச்சிட்டு வந்து பாத்தா, காயிதத்த மடியில வச்சு ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சுக் கூட்டிக்கிட்டு இருக்கான். தம்பிங்கற எழுத்து மட்டும் அவனுக்கு நல்லாத் தெரியும்யா, நீ எப்பவும் காயிதத்துல மொதல்ல அததான எழுதுவே. முடிச்சிட்டு மடிச்சு அவன் சட்டைப் பையில வச்சுக்கிட்டான்.

இப்ப மாவுக்கட்ட அவுத்து ஒரு மாசம் ஆச்சு. காலு முருங்கக்கா கணக்கா மெலிஞ்சு போச்சு, பாய் வீட்டு அக்தர் பானு ஆட்டுக்கால் சூப்பு குடுத்து விடுதா, நான் எண்ண போட்டு உருவி விடுதேன். கம்ப ஊனிக்கிட்டு தெனமும் பட்டறைக்குப் போயி டின்னக் கவுத்திப் போட்டு உக்காந்து உன் வண்டிய அவனேதான் சரி பண்ணுதான். சக்கரத்துக்கு ஒவ்வொரு கம்பியா மாத்தினான். வளைஞ்ச முன்கம்பிய பாய் சூடுகாட்டி நிமித்திக் குடுத்தாரு. பெட்ரோல் டேங்குல விழுந்த குழிய உள்ள இருந்து தட்டித் தட்டி எடுத்திருக்கான், கைய வச்சாத்தான் தெரியுது. நீ பூசின அதே செவப்புதான் வேணும்னு மூணு தடவ கலந்து பாத்தான். முடிஞ்சதும் நீ ஏறி ஒரு சுத்து சுத்திப் பாருலேன்னு பாய் சொன்னதுக்கு, அண்ணன் வண்டி, அண்ணன் வந்து ஏறட்டும், நான் ஏற மாட்டேன்னுட்டானாம். காலு சரியாயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆனா ஏற மாட்டேன்னான் பாரு, அந்தப் பேச்சுத்தான் எனக்குத் தாங்கல.

அதனால நீ இதப் படிச்ச கையோட அவனுக்கு ஒரு காயிதம் போடுய்யா. என்னய ஏசணும்னா அதுலயே ஏசு, நான் ஒரு வரி விடாம அவனுக்குப் படிச்சுக் காட்டுதேன், அப்படியாவது என் குத்தம் என் வாயால அவன் காதுல விழட்டும், நேரா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. ஆனா மொத வரியில தம்பின்னு எழுது. அத மட்டும் அவனே படிக்கட்டும்.

சனிக்கெழம தலைக்கு எண்ண வைக்க மறந்துராத. இன்னொண்ணு, கப்பல் ஏறும்போது நான் உன் கையில கட்டிவிட்ட கயிறு, நீ மெஷின்ல வேல பாக்கவன், அத இன்னைக்கே கழட்டிப் பெட்டியில வச்சிரு. அம்மன் கோவிக்க மாட்டா. நீ நூறு வயசு இருந்து ரெண்டு பேரும் ஒரு வண்டியில வந்து இந்த வாசல்ல எறங்கணும், அதப் பாக்க எனக்குக் கண்ணு இருக்கணும்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்ட பெரியம்மா
பேராச்சி

மடிப்போரத்துல எழுதுதேன், உத்துப் படி. கயித்த அவுன்னு எழுதினதும் இப்பத்தான் நெனவு வருது. ஆசுபத்திரியில அவன் மொதமொத கண்ணு முழிச்சப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். தண்ணி கூடக் கேக்கல. பெரியம்மா, பெரியப்பா சைக்கிள் சக்கரத்துலயும் நீ துணி கட்டிருந்தேன்னா வீட்டுக்குப் போயி மொத வேலையா அவுத்துருன்னான். மயக்க மருந்துல பிள்ள ஒளறுதேன்னு நான் நெத்தியில துன்னூறு பூசிவிட்டேன்.