எத்தனை முறை எழுந்தேன்

மார்ச் 3, திங்கள்

எத்தனை முறை சிறுநீர் கழித்தேன், எவ்வளவு என்று இந்த நோட்டில் எழுதி வரச் சொன்னார் டாக்டரம்மா. வேறு எதுவும் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதுவேன்.

இன்று பத்தொன்பது முறை. சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே உள்ளே மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது. கிருமி இல்லையாம், கல்லும் இல்லையாம். கோர்ட்டில் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டச்சு செய்கிற நான் இரண்டு தடவை எழுந்து ஓடினேன். வக்கீல்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மார்ச் 4

மாத்திரை ஆரம்பம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பழைய மாத்திரைதானாம். "அந்த அளவு இல்லம்மா, ரொம்பக் கொஞ்சம். பையிலேருந்து வலியைக் கொண்டுபோற நரம்பை அடக்கும். பலன் தெரிய சில வாரம் ஆகும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார். நேராகப் பேசுகிற மனுஷி.

மார்ச் 7

பதினெட்டு. வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தாள். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்துவிட்டு, இவரிடம் குசுகுசுவென்று, "அண்ணிக்கு மனசு சரியில்லையா? எங்கிட்ட ஏன்ணா மறைச்ச?"

அவள் போனதும் இவர், "நிறுத்திடேன். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

வந்ததே எனக்குக் கோபம்! வலி எனக்கு, மானம் போறது உங்களுக்கா? சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தேன். மனசுக்காகவே சாப்பிட்டாலும்தான் என்ன, அதுவும் வியாதிதானே என்று கேட்டேன்.

பதினேழு.

மார்ச் 14

நாத்தனாரும் எங்கள் தலைமை எழுத்தரின் மனைவியும் ஒரே தெரு. கேட்கவா வேண்டும்? இன்று தலைமை எழுத்தர் கூப்பிட்டு, "உங்களைப் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கிற அறைக்கு மாத்திடலாமா? உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

"அங்க பக்கத்துல கழிப்பறையே இல்ல சார்."

அவர் முகம் கறுத்துவிட்டது. கோர்ட்டில் தட்டச்சு மேசை முன்னால் இருப்பது பதினேழு வருஷமாக என் நாற்காலி. "நான் அடிச்சதுல ஒரு பிழை காட்டுங்க, நானே போறேன். இல்லன்னா எழுத்துல குடுங்க" என்றேன். எழுத்தில் எதுவும் வரவில்லை.

மார்ச் 21

மறுபடி பத்தொன்பது. குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். இதுக்கா இவ்ளோ சண்டை போட்டேன்? நிறுத்திடவா?

மாட்டேன். நிறுத்தினா மாத்திரை கேக்கலைன்னு நிறுத்தணும். நாத்தனாருக்காக இல்ல.

மார்ச் 25

டாக்டரம்மா நோட்டை ஒரு வரி விடாமல் படித்தார். நாத்தனார் வந்த இடத்தில் சிரித்தேவிட்டார். "நான் கணக்கு மட்டும்தானம்மா கேட்டேன்?" மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்.

ஏப்ரல் 11

பன்னிரண்டு. எரிச்சல் இருக்கிறது, ஆனால் என்னை எழுப்பி விரட்டவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது, கண்பட்டுவிடுமோ என்று.

ஏப்ரல் 24, வியாழன்

பெரிய வழக்கு, குறுக்கு விசாரணை. தலைமை எழுத்தர் கதவோரம் நின்று, நான் எப்போது எழுவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று நீதிபதி கையைத் தூக்கி, "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, ஏறக்குறைய ஓடினார்.

வக்கீல்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

விசாரணை ஐந்து நிமிடம் நிறுத்தப்பட்டது என்று அடித்தேன். பிறகு நானும் எழுந்து, தலைமை எழுத்தரைத் தாண்டி, நிதானமாக நடந்து போய் வந்தேன்.

அதையும் சேர்த்து இன்று ஒன்பது.