ஃபிரிட்ஜ் கதவும் இறந்துபோன வாளியும்

மார்ச் 4
இன்று காலை முகநூலைத் துறந்தேன். மாமன்னர்கள் முடி துறந்தபோதுகூட இத்தனை ஆரவாரம் இருந்திருக்காது. விடைபெறும் பதிவை மட்டும் நூறு தடவை திருத்தினேன்.

காரணம், என் பதிப்பாசிரியர். நாவலின் முதல் பாதியைப் படித்துவிட்டு போனில் கேட்டார்: "சார், உங்க கதாநாயகி பேசறது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கே? முகநூல்ல எழுதற மனுஷன் நாவல்ல எங்க போனாரு?"

கடவுச்சொல்லை மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி தங்கை மகளிடம் சொன்னேன். "எவ்வளவு கெஞ்சினாலும் தராதே."

"கெஞ்சுவீங்களா மாமா?"

"நானா? மலை கெஞ்சுமா?"

மார்ச் 5
மதியம் மலை கெஞ்சியது. தரவில்லை, ராட்சசி.

மார்ச் 9
என் மௌனம் தாளாமல் வாசகர்கள் கொதித்தெழுந்து வீட்டை முற்றுகையிடுவார்கள் என்று சவரம் செய்துகொண்டு காத்திருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கூரியர்காரர். பக்கத்து வீட்டுப் பார்சலை வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

வாங்கி வைத்தேன்.

மார்ச் 15
எழுதாவிட்டால் விரல் அரிக்கிறது. துண்டுத்தாளில் ஒரு பதிவு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். தங்கை மகள் கீழே பேனாவால் ஓர் இதயம் வரைந்துவிட்டுப் போனாள். ஒரே ஓர் இதயம்தான். ஆனால் என்ன இதயம்! சாம்ராஜ்யம் மீண்டும் எழுகிறது.

மார்ச் 22
தங்கை மறுபடியும் ஓட்டுநர் தேர்வுக்குத் தயாராகிறாள். தெருவில் இரண்டு வாளிகளை வைத்து நடுவில் காரைப் பின்னோக்கி விடும் பயிற்சி. இன்று ஒரு வாளி சக்கரத்தடியில் உயிர்நீத்தது. விடுவேனா? 'வாளிப் படுகொலை: நேரில் கண்ட சாட்சியம்' – ஃபிரிட்ஜில் ஏற்றினேன். மூன்று இதயங்கள்!

மாலையில் தாளைக் காணோம். காந்தம் மட்டும் இருந்தது. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள், ரேடியோவைச் சத்தமாக வைத்து.

மார்ச் 23
"என் பதிவை யார் நீக்கினது?" என்று தங்கை மகளிடம் கேட்டேன்.

"அம்மாதான். மாமா, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? போன தடவை அம்மா ஃபெயிலானதை எழுதினீங்கல்ல? அது அவங்க ஆபீஸ் குரூப் வரைக்கும் போச்சு. அவங்க மேஜையில யாரோ பொம்மை கார் வச்சிட்டாங்க."

பதிவு அங்கே போனது தெரியும். புகழ் பரவுகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டேன்!

முன்பெல்லாம் தங்கை அலுவலகம் விட்டு வந்ததும் துணி மடித்தபடியே பேசுவாள். மேனேஜரின் தும்மல், லிஃப்டில் நடந்த சண்டை, எதுவும் விடமாட்டாள். என் முதல் இரண்டு புத்தகங்களும் அந்த வாயிலிருந்து விழுந்தவை. இப்போது என்னிடம் என்ன பேசுகிறாள்? "சாப்பாடு மேஜையில இருக்கு." "கதவைப் பூட்டிக்கோ." "நாளைக்குத் தண்ணி வராது."

அட... ரயில் நிலைய அறிவிப்பு!

நான் இவள் பேச்சைக் கேட்டுத்தானே கதாநாயகியை எழுதியிருக்கிறேன்? கடையை மாற்றினேன், சரக்கை மாற்றவில்லை. முகநூல் போய் ஃபிரிட்ஜ் வந்தது. அவ்வளவுதானே?

மார்ச் 24
புது வாளி வாங்கித் தங்கை முன்னால் வைத்தேன்.

"எதுக்கு இது?"

"அமரரானவருக்கு வாரிசு."

சிரிக்கவில்லை. "அண்ணா, உன்கிட்ட சொன்னா மைக்ல சொன்ன மாதிரி. அதான் வாயே திறக்கறதில்ல."

அபாரமான பதில் ஒன்று நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினேன். யானையை விழுங்கியிருந்தால் சுலபமாக இறங்கியிருக்கும்.

"இனிமே உன்னைக் கேக்காம எழுதமாட்டேன்."

"பாக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் 6
தினமும் வாளிக்குப் பக்கத்தில் நின்று "இன்னும் வா... வா... போதும்" சொல்வது என் வேலை. இன்று கார் என் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தலையை வெளியே நீட்டினாள்.

"என்ன யோசிக்கறே? தலைப்பா?"

"இல்லம்மா, உயிரு."

சிரித்தாள். ஏழு தெருக்களும் அதிர்ந்தன. இல்லை, மிகைப்படுத்துகிறேன். ஆனால் சிரித்தாள்.

ஏப்ரல் 19
"போதும் மாமா, இந்தாங்க" என்று தங்கை மகள் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தாள். ஃபிரிட்ஜ் தலைமேல் வைத்தேன். அங்கேயே இருக்கிறது.

கதாநாயகியின் வசனங்களை அடித்து நீக்கிவிட்டேன். "அப்போ அவங்க எப்ப சார் பேசுவாங்க?" என்றார் பதிப்பாசிரியர். அவளுக்குத் தோன்றும்போது என்றேன்.

ஏப்ரல் 27
இன்று தங்கைக்குத் தேர்வு. திரும்பி வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

பேசினாள். தேர்வில் தொடங்கி வேறு எங்கெங்கோ போனாள். இடையில் ஒரு தடவை அழுதாள். எழுதிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்கவில்லை. தேர்வு என்ன ஆயிற்று என்பதும் அவள் செய்தி, அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

இருட்டியதும் இறங்கினோம். வாளிகள் இரண்டையும் கழுவி, குளியலறையில் வைத்தேன்.