மேளத்தில் படாத கை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், அங்கே நீங்கள் நாலு பேரும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதி. உன் தங்கை மகள் கணக்கில் நூற்றுக்கு நூறு. சின்னவன் மகன் நீச்சலில் கோப்பை வாங்கி வந்து, இனி அதில்தான் பால் குடிப்பேன் என்கிறான். உன் மூத்த மகளுக்கு டாக்டர் படிப்பில் இடம் கிடைத்ததைத் தபால்காரரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன், நாலாம் தடவை அவரே எனக்குச் சொன்னார்.

சின்னவன் உன்னிடம் ஒரு வெண்கலச் சிலையைப் பற்றிப் பேசியிருப்பான். முழ உயரம், மடியில் மேளத்தை வைத்து வாசிக்கிற ஆள். இருநூறு வருஷத்துச் சிலையாம், வாங்கி வைத்தால் பிறகு பல மடங்குக்கு விற்கலாமாம். மகள் படிப்புக்கு நீ சேர்த்து வைத்திருப்பதை மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லி என்னையும் எழுதச் சொன்னான். எழுதுகிறேன், ஆனால் அவன் சொன்னபடி இல்லை. போன வாரம் சிலைக்காரர் அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா அம்மா என்று உருகினார், அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்ததாம், வாசிக்கப் பழகும் பிள்ளைகள் எல்லாம் முதலில் சிலையின் மேளத்தைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவார்களாம். சின்னவன் வாயைப் பிளந்து கேட்டான். பாத்திரக் கடையில் இருபது வருஷம் மெருகு போட்டவள் நான். கை படுகிற இடம் தேய்ந்து மின்னும், கை நுழையாத இடுக்கில்தான் பச்சைக் களிம்பு பிடிக்கும். இதிலோ மேளம் முழுக்கப் பச்சை, அக்குள் மட்டும் நேற்று வாங்கிய குவளை மாதிரி பளபளப்பு. "அத்தனை பிள்ளைகளும் அக்குளையா தம்பி தொட்டாங்க?" என்று கேட்டேன். சின்ன மருமகள் சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் சிரிக்கவில்லை, "அம்மா எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றார். "அஞ்சாவது. இதைப் பள்ளிக்கூடத்தில சொல்லித் தரலை" என்றேன். ஈரத்துணியால் துடைக்கப் போனால், தண்ணீர் பட்டால் மதிப்பு போய்விடும் என்று துணியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் சின்னவன் பக்கம் திரும்பின நேரம் பார்த்து, கட்டைவிரலை நாக்கில் நனைத்து மேளத்தில் ஒரு தேய் தேய்த்தேன். அன்றே அந்த விரலை ஒற்றி எடுத்து வைத்த காகிதம் இது. ஓரத்தில் பச்சையாக இருக்கிறதே, அது என் விரல். இருநூறு வருஷம் எச்சிலில் கரையுமா, நீயே சொல்.

சின்னவனிடம் காட்டினால், உனக்கு எல்லாரும் திருடன்தான் என்று கோபித்துக்கொண்டு அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அது அவன் சட்டைப்பையில் இருக்கிறது. நீ எதையும் அனுப்பிவிடாதே. அவனைத் திட்டவும் திட்டாதே, உன்னைப் போலத் தானும் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று துடிக்கிறான், அவ்வளவுதான்.

சிலைக்கு என்று கூடத்து அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்து, உன் பிள்ளைகள் போட்டோவைப் பீரோவுக்குள் வைத்துவிட்டான். அதுவும் பழசு, அதில் உன் இளையவளுக்கு முன்பல்லே இல்லை. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள். நடுத்தட்டை நூலால் அளந்து, நூலை இதோடு வைத்திருக்கிறேன். அந்த அகலத்துக்குப் பிள்ளைகளைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு உடனே தபாலில் அனுப்பு, ஒரு விரல்கூடக் குறையக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா