பெண்மகவின் பெயர் சூட்டு விழாவுக்கு மலைநாட்டு மாமனை அழைத்த ஓலை

கடலும் மலையும் உள்ளளவும் இரு குலமும் தழைக்க. ஏழு துறைகளுக்கும் உரியவரான வெண்கரை நாட்டு மன்னர் நெடுங்கோவேளின் திருவாய்மொழிப்படி, அவர்தம் முதலமைச்சன் பெருஞ்சாத்தன், முகில் தங்கும் த்வாரு மலைநாட்டு வேந்தரும் எங்கள் பட்டத்தரசியாரின் தமையனாருமாகிய ஹொர்வான் அவர்களுக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் தேனடைகள் நிறைந்திருக்க. தங்கள் செங்கோல் நிமிர்ந்திருக்க.

இவ்விடம் மகிழ்ச்சியே. தங்கள் தங்கையார் பெண்மகவு ஈன்றருளினார். தாயும் சேயும் நலம். மகவுக்குக் குரல்வளம் மிகுதி. அவை நடுவே அழத் தொடங்கினால் படைத்தலைவரும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்.

பெயர் தேர்வதில்தான் படாத பாடு பட்டோம். எப்பெயரானாலும் எங்கள் நகரில் வாழும் பிறமொழியாளர் அதை முதலில் வாய்விட்டு அழைத்துக் காட்ட வேண்டுமென அரசியார் கட்டளையிட்டிருந்தார். அவைப் புலவர்களோ, 'எழில்வளர் பொழில்யாழ் மொழிநங்கை' என்றொரு பெயரைக் கட்டிக் கொணர்ந்து தாமே மெச்சிக்கொண்டார்கள். அதைச் சொல்லப் புகுந்த கீழ்க்கடல் மாலுமி பாதியில் மூச்சு வாங்கினார். பாலைநிலக் குதிரை வணிகர் இருமினார். அரசியாரோடு வந்த மலைநாட்டுச் செவிலி நாக்கைக் கடித்துக்கொண்டாள். புலவர்களுக்குக் கோபம் மூக்கின்மேல் வந்தது. சொல்ல வராதவர்கள் தங்களுக்கு வாய்த்த வேறொரு பெயரால் இளவரசியை அழைத்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

அரசியார் அப்போது மொழிந்ததை, ஒரு சொல்லும் மாற்றாது எழுதுகிறேன்.

“எனக்கும் அப்படித்தான் செய்தீர்கள். இந்நாட்டில் கால் வைத்த நாள் முதல் உங்களில் ஒருவரும் என்னை என் பெயரால் அழைத்ததில்லை. என் மகள் எந்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாலும் அவள் பெயர் அவளோடு போகட்டும்.”

மணநாளில் தங்கையாரின் பெயர் எங்கள் நாவில் வராமையால் 'பொன்வரைத் தேவி' என்று சூட்டினோம். அதைச் சிறப்பென்றே எண்ணியிருந்தோம். அரசியார் சொல்லி முடித்ததும் அவையில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மன்னர் மட்டும் எழுந்து தொட்டிலருகே சென்று, புலவர் எவரையும் கேளாமல், 'அமலா' என்றார். மாலுமி அழைத்தார், வணிகர் அழைத்தார், செவிலியும் அழைத்தாள். மூவர் வாயிலும் அது அமலாவாகவே நின்றது. அரசியார் தாமும் ஒருமுறை அழைத்துப் பார்த்துச் சிரித்தார். இளவரசியார் கொட்டாவி விட்டருளினார். அதை இசைவெனக் கொண்டோம். இத்தனை சிறிய பெயரை வைத்துக்கொண்டு எப்படிப் பாட்டுக் கட்டுவது என்று புலவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

வரும் முழுமதி நாளில் பெயர் சூட்டு விழா. மகவின் செவியில் பெயரை முதலில் ஓதும் உரிமை எங்கள் வழக்கப்படி தாய்மாமனுக்கே உரியது. தாங்கள் சுற்றம் சூழ எழுந்தருள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இனி அரசியாரை அவர் பிறந்த பெயராலேயே அழைக்க வேண்டுமென மன்னர் ஆணை பிறப்பித்துள்ளார். ஆதலின் ஷ்ரேஹ்வா என்னும் அத்திருநாமத்தை அரண்மனையே பயின்று வருகிறது. அடியேன் பயில்வதைக் கேட்ட மருத்துவர் விக்கலுக்குக் கஷாயம் அனுப்பிவைத்தார். மன்னர் நாள்தோறும் முயல்கிறார். நாள்தோறும் தவறுகிறார். அரசியார் கண்ணில் நீர் வரச் சிரித்து, மீண்டும் சொல்லுமாறு வேண்டுகிறார்.

ஆகவே மீன் பொறித்த எங்கள் இலச்சினையிட்டு, வேந்தருக்கு வேந்தர் விடுக்கும் கட்டளையாக அன்றி, மைத்துனருக்கு மைத்துனர் இடும் கட்டளையாக மன்னர் எழுதச் சொன்னது இது: கோட்டை வாயிலில் இறங்கியதும் மகவைக் காணும் முன், வரிசைப் பொருள்களை இறக்கும் முன், தாங்கள் சிறுவயதில் அழைத்த அதே குரலில், முதலில் தங்கள் தங்கையைப் பெயர் சொல்லி அழைக்கவும்.