வலது பக்கத்துப் புகைக்குழாய்

இன்று காலை பட்டறையைத் திறந்த கொஞ்ச நேரத்தில், உலு திராம் பக்கத்துத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் ஒருவர் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். நேற்று ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை, விளக்குக்குச் சந்தனம், குங்குமம் என்று எல்லாம் முறையாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் புகைக்குழாயிலும் ஒரு பொட்டு வைத்திருந்தான். அது சூட்டில் கருகிக் குழாயோடு பிடித்துக்கொண்டு, பட்டறை முழுக்கத் தீய்ந்த சந்தன வாசனை. "இது போகுமாங்க?" என்று கேட்டார். போகும் என்றேன். சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவன்தான், வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

நீ போய்விட்டாய் என்று போன சித்திரையில் சொன்னார்கள். உன் அப்பாவின் ஊரிலிருந்து கப்பலேறி வந்த ஒருவர், இங்கே தம்போயில் விசாரித்து விசாரித்து என்னைக் கண்டுபிடித்து, நின்றபடியே சொன்னார். காய்ச்சலாம். அன்றைக்கு நான் அழவில்லை. ஒரு வண்டி பிரித்துப் போட்டபடி கிடந்தது, சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எனக்கு எப்போதுமே ஒரு வண்டி பிரித்துப் போட்டபடி கிடக்கிறது, மச்சான். முதுகு வலிக்கிறது, நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் இறங்குவதில்லை, அழுவதற்கென்று ஒரு நாளை ஒதுக்க முடியவில்லை. இன்றைக்கு அந்த வாசனை வந்து உட்கார வைத்துவிட்டதால் எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று கேட்காதே.

பெக்கோக் தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகை நம் இருவருடைய ராஜ்யம். ஒரு கார், பங்களாவுக்கு விளக்கெரிக்கும் இஞ்சின், அப்புறம் அந்த மோட்டார் சைக்கிள். காரும் இஞ்சினும் நம்மை அவ்வளவாகப் படுத்தவில்லை. மோட்டார் சைக்கிள்தான் உயிரை வாங்கியது. அது இரட்டைக் குழாய் வண்டி. இஞ்சினிலிருந்து வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு புகைக்குழாய்கள் பின்சக்கரம் வரை நீண்டிருக்கும். துரை அதை ரப்பர் காட்டுச் சேற்றில் ஈவிரக்கம் இல்லாமல் ஓட்டுவார். சூடு ஏற ஏற நிக்கல் பூச்சு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், இஞ்சினை ஒட்டிய வளைவில் நல்ல நீலம். அதன் மேல் தெறித்த சேறு வெந்து ஓடு கட்டியிருக்கும். சனிக்கிழமை காலையில் அந்தக் கோலத்தில் நம்மிடம் தள்ளிவிட்டுப் போவார். அன்று சாயங்காலம் அவர் கிளப்புக்குப் புறப்படும்போது குழாயில் முகம் தெரிய வேண்டும்.

வலது உனக்கு, இடது எனக்கு. யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை, முதல் நாள் உட்கார்ந்த இடம் அப்படியே நிலைத்துவிட்டது. நான் வண்டி வந்ததும் ஈரத்துணியோடு பாய்வேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து, "சூடு ஆறட்டும்டா" என்பாய். சூட்டில் ஈரம் பட்டால் அந்தத் திட்டு தனியாக ஒரு வாரம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். "அவசரப்பட்டா அவசரம் கொழாய்ல தெரியும்." இதை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய், நான் எத்தனை முறை எரிச்சல்பட்டிருப்பேன். சூடு ஆறிய பிறகு சேற்று ஓட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுப்போம். வேட்டித்துணியில் சலித்த விறகுச் சாம்பலை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்போம். கடைசியில்தான் டின் பாலிஷ். அழுத்தித் தேய்த்தால் நிக்கல் போய் அடியில் செம்பு சிவப்பாகத் தெரிந்துவிடும், அதன் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. நீ நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு தேய்ப்பாய். "தங்கச்சி மொகத்த ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பியா நீ?" என்று உன் வீட்டுக்காரியைச் சொல்லிக் கேட்டால், "அவ இவ்ளோ சூடாக மாட்டாடா" என்பாய்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் தோட்டத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. ஒரு மலையில் ரப்பர்ப் பால் வெட்டுவதை நிறுத்தினார்கள், பிறகு இன்னொன்று. விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும் வரிசை காலைக்குக் காலை சுருங்கிக்கொண்டே வந்தது. வேலை இல்லாதவர்களைக் குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி, கப்பலேற்றி, ஊருக்கு அனுப்பினார்கள். ஊர் என்று அவர்கள் சொன்ன இடத்தை நீ கண்ணால் பார்த்ததில்லை. நீ பிறந்தது அந்தத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் வசிக்கும் லயத்தில், உன் பிள்ளைகள் பிறந்ததும் அதே லயத்தில்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கொட்டகைக்கு வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "நாளன்னிக்கி ஜொகூர் பாருலேருந்து கம்பெனி துரை வர்றாரு. கொட்டகைக்கு ஒரு ஆள் போதும்னு பேச்சு. ஆளுக்கொரு கொழாய் தேய்க்கிறீங்கல்ல, அதப் பாத்துட்டு யாரு இருக்கலாம்னு சொல்லுவாங்க." எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. உனக்கு இரண்டு பிள்ளைகள், தங்கச்சி வயிற்றில் மூன்றாவது. இதையெல்லாம் எண்ணிப் பார்க்காமலா இருந்திருப்போம்? ஆனால் வாயைத் திறந்தால் என்ன சொல்வது? நீ இரு என்று நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

மறுநாள் பூஜை. வெட்டுக் கத்திகள், வாளிகள், ஆலையில் ரப்பர் உருட்டும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து, தோட்டமே சாம்பிராணிப் புகையில் இருந்தது. நம் வண்டிகளுக்கு வழக்கமாக விளக்கிலும் டாங்கியிலும்தான் வைப்போம். அந்த வருஷம் நீ சந்தனக் கிண்ணத்தோடு குனிந்து வலது குழாயில் மூன்று பொட்டு வைத்தாய். ஏன் என்று கேட்டேன். "நமக்குச் சோறு போடறது இதுதான. இதுக்கு ஒரு நாளும் வச்சதில்ல" என்றாய். இடது பக்கம் வருவதற்குள் பங்களா சமையற்காரர் ஓடி வந்தார், துரைக்கு உடனே வண்டி வேண்டுமாம். பூஜை நாளில் அவர் வண்டியைத் தொட்டதே இல்லை, அன்றைக்குப் பார்த்துக் காரும் கிளம்ப மறுத்தது. நான் துணியோடு குழாயிடம் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"பூச போட்ட அன்னிக்கே பொட்ட அழிக்கக் கூடாதுடா."

"கருகிப் போயிடும் மச்சான்."

"போனா போவுது. பொட்ட அழிக்காத."

உன் குரலில் ஒரு பயம் இருந்தது. லயத்தில் தங்கச்சி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கிறாள், அதை நினைத்துத்தான் சொல்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. கையை எடுத்துக்கொண்டேன். துரை வந்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு மழையில் போய்விட்டார்.

திரும்பி வந்த வண்டியை நீ நெடுநேரம் பார்த்தாய். மூன்று பொட்டும் கரி வட்டங்களாகி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வளையம் படர்ந்திருந்தது. என் பக்கத்தில் வழக்கமான நீலமும் மஞ்சளும்தான். நான் எந்தச் சாமர்த்தியமும் செய்யாமல் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்தோம். என் குழாய் சீக்கிரமே துலங்கிவிட்டது. உன் பக்கம் கரி உதிர்ந்ததே தவிர, வளையங்கள் அசையவில்லை. நான் சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உன் பக்கம் வந்தேன். "உன் பக்கத்தப் பாரு" என்றாய், தலை தூக்காமல். அப்போது என் வாயில் வந்ததைச் சொன்னேன்: "நான் வேணா என் கொழாய்லயும் ரெண்டு கறைய வச்சிடறேன். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்."

நீ தேய்ப்பதை நிறுத்தினாய். அத்தனை வருஷத்தில் நீ என்மேல் கோபப்பட்டது அன்று ஒரு முறைதான். "தேய்ச்ச கொழாய வேணும்னே கெடுப்பியா? அதுக்கு நான் இப்பவே ரயில் ஏறிடுவேன், போ."

நான் போகவில்லை. துணியை மடித்து மடித்துக் கொடுத்தேன், பாலிஷ் டின்னைப் பிடித்துக்கொண்டேன். நீ கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பூச்சு போய்விடாமல், மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தாய். முதல் வளையம் போயிற்று. இரண்டாவது போயிற்று. வெயில் உச்சிக்கு வந்தபோது மூன்றாவதும் மங்கி மங்கி இல்லாமலே போனது. உன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாய்.

"இருக்குடா."

"எங்க இருக்கு? இல்ல."

"சாஞ்சு பாரு. லேசா ஒரு நெழல்."

நான் சாய்ந்து பார்த்தேன், மண்டியிட்டுப் பார்த்தேன், எதிர்வெயிலில் நின்று பார்த்தேன். இரண்டு குழாய்க்கும் வித்தியாசம் இல்லை. அதற்குள் கார் சத்தம் கேட்டது.

கம்பெனி துரையும் நம் துரையும் கொட்டகை வாசலைத் தாண்டி நடந்தார்கள். நாம் வண்டிக்கு இரு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கம்பெனி துரை எதையோ சொல்ல, நம் துரை சிரித்தபடி தலையைத் திருப்பினார், பிறகு இருவரும் ஆலைப் பக்கம் போய்விட்டார்கள். அவ்வளவுதான். மறுநாள் பெரட்டில் உன் பெயரைக் குடும்பத்தோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

நான் கிராணியிடம் போய்க் கேட்டேன். மனுஷர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடும்பக்காரனத்தான் அனுப்பறதுன்னு முன்னாடியே முடிவாயிடுச்சுப்பா. குடும்பத்துக்கு ஒரு வீடு போவுது, அரிசி போவுது. தனி ஆள் எங்கயாச்சும் படுத்துக்குவான்."

"அப்பறம் ஏங்க கொழாயப் பாப்பாங்கன்னு சொன்னீங்க?"

"அப்படிச் சொன்னாத்தான நல்லாத் தேய்ப்பீங்க" என்றார். அதில் அவருக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த ஆளை அறைய வேண்டும் போல் இருக்கிறது, அந்தத் தெம்பும் இப்போது இல்லை.

பெக்கோக் ஸ்டேஷனில் மூட்டைகளுக்கு நடுவே நீ நின்றாய். நான் கிராணி சொன்னதை அப்படியே உன்னிடம் சொன்னேன். நீ நம்பவில்லை. "கிராணி சும்மா சொல்றாரு. தொர திரும்பிப் பாத்தாரு, நான் பாத்தேன். அந்த மூணாவது பொட்டுதான். லேசா இருந்துச்சு." இல்லை என்று நான் மேலும் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த தங்கச்சி என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"விடுங்கண்ணே. கற இருந்துச்சு, அதான் அனுப்பிட்டாங்கன்னு நெனச்சா, நல்லா வேல செஞ்சு திரும்பி வந்துடலாம்னு தெம்பா இருப்பாரு. ஒண்ணுமே பாக்காம அனுப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா, கப்பல்ல எப்படிண்ணே உக்காருவாரு?"

ரயில் வந்தது. நீ ஜன்னலில் கைவைத்துக்கொண்டு, வண்டிக்கு மழைக்காலத்தில் எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் எனக்குத் தெரியாததுபோலச் சொல்லிக்கொண்டே போனாய்.

அடுத்த வருஷமே நானும் அந்தத் தோட்டத்தை விட்டு வந்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே ஆளாகத் தேய்க்க முடியாது என்று இல்லை, தேய்த்தேன். வலது பக்கம் உட்காரும்போதெல்லாம் அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பு இங்கே தம்போய் வரை கூடவே வந்து, இப்போது கல்யாணம் ஆகி வீடு வாசல் என்று ஆன பிறகும் போகவில்லை.

சித்திரையில் வந்தவர் இன்னொன்றும் சொன்னார். கடைசி வரை நீ கிணற்றடியில், கடைவாசலில், யார் கேட்டாலும் அதையே சொல்வாயாம். "ஒரு சின்னக் கறதான். அது மட்டும் போயிருந்தா நான் இன்னிக்கும் பெக்கோக்லதான் இருப்பேன்." காய்ச்சலில் கிடந்தபோதும் கட்டைவிரலைப் போர்வையில் தேய்த்துக்கொண்டிருந்தாயாம். அவர் அதை ஏதோ வேடிக்கை போலச் சொன்னார். நான் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நீ உயிரோடு இருந்தபோது தங்கச்சியின் பேச்சுக்காக வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும் நம்பிக்கை இனி உனக்குத் தேவைப்படாது, அதனால் சொல்கிறேன். அன்றைக்கு மத்தியானம், அத்தனை வெயிலில், உன் பக்கத்துக் குழாயில் எந்த நிழலும் இல்லை மச்சான். மூன்று பொட்டும் முழுசாகப் போயிருந்தன, பூச்சு கொஞ்சமும் கெடவில்லை. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. மண்டியிட்டு, கிட்டப் போய், நான் பார்த்தேன்.