பெரில் வீட்டு முன்வாசல்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

அன்பு மகள் உண்ணாமலைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அப்பாவின் வேனும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் குறையில்லாமல் இருக்கிறீர்களா. ஞாயிற்றுக்கிழமை பேசியவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் வாயைத் திறந்தால் "அம்மா, நெட்டு சரியில்ல, அப்புறம் பேசறேன்"னு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நம் மாடி ரூமில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் கிறிஸ் வெள்ளிக்கிழமை லண்டன் பக்கம் உங்கள் நாட்டுக்குத் திரும்புகிறார், போய்த் தபாலில் போடுகிறேன் என்றார். கண்ணாடி வளையலும் கொடுத்திருக்கிறேன், உடையாமல் வந்ததைப் போட்டுக்கொள், உடைந்ததைக் கொட்டிவிடு, சகுனம் பார்த்துக்கொண்டு உட்காராதே.

இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா கீழ்பென்னாத்தூருக்கும் வேலூருக்கும் மல்லாட்டைக் கடலை மூட்டை ஓட்டுகிறார். வாடகைக்கு விடும் ரூம் மூன்றும் நிறைந்திருக்கிறது, நாள் முழுக்க பெட்ஷீட் துவைப்பதுதான் வேலை. போன பௌர்ணமிக்கு நம் கேட்டுக்கு முன்னாலேயே யாரோ காரை நிறுத்திவிட்டு மலை சுற்றப் போய்விட்டார்கள், விடியும்வரை வேன் வெளியே வர முடியவில்லை. அப்பா அதற்கும் "போறான் வுடு, அவன் என்ன வேணும்னா செஞ்சான்"னு படுத்துத் தூங்கிவிட்டார். உன் மாமா மகன் இளவரசன் ஆசிரமத்துக்கு எதிரில் ஜூஸ் கடை போட்டிருக்கிறான், போர்டில் ஐந்து பாஷை, ஜூஸ் இரண்டே வகை. பக்கத்து வீட்டு ராணியம்மாள் தினமும் காம்பவுண்டு மேலே தலையை நீட்டி "பொண்ணுக்கு எத்தினியாவது மாசம்டி அருணா, நீ எப்ப கெளம்புற"னு கேட்கிறாள். எனக்கே தெரியாதபோது அவளுக்கு என்ன சொல்வது.

நீ கேட்டதற்கு வருகிறேன். பிரசவத்துக்கு அங்கே வா என்றாய். நான் சரி என்று சொல்வதற்குள் மாப்பிள்ளை "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க"னு ஆரம்பித்தார். அங்கே வந்தால் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது, நடந்தால் தபால்பெட்டி வரைக்கும்தான், தோட்டத்துக் குழாய்ப் பக்கமே போகக் கூடாது. நீ கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். நான் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். கோபம் இல்லை. அவர் பயம் அவருக்கு.

நான் ஒரு இடத்தில் உட்காராதவள் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டேன், பத்தொன்பது வயதில் உன்னையும் பெற்றேன். அப்படிப்பட்டவளை போன வருஷம் அந்தத் தெருவில் கொண்டுபோய் இரண்டு மாதம் வைத்தாய். இங்கே ரூம் கேட்டு வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, சத்தம் இல்லாத ரூம் இருக்கிறதா என்றுதான். அங்கே வந்து பார்த்தால் ஊரே அப்படித்தான் இருக்கிறது. இதை விட்டுவிட்டு இங்கே வந்து எதைத் தேடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வீடு, வேலியாகச் செடி, பின்னால் ஆடு மேயும் வயல். பஸ் எப்போதோ ஒன்று, அதிலும் டிரைவர் மட்டும் போகிறார். குப்பைத் தொட்டியை ஒருவர் வெளியே வைத்தால் ஜன்னல் வழியாகப் பார்த்து எல்லாரும் வைக்கிறார்கள், அதற்கு ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியதில்லை. எதிரே வருகிறவர்கள் மார்னிங் என்கிறார்கள், ஆனால் கால் நிற்பதில்லை. ஒருநாள் நான் சும்மா நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் காரை நிறுத்தி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். நாய் இல்லாமல் நடந்தால் அங்கே வழி தவறியவள் என்று அர்த்தம்போல. நன்றாகத்தான் இருந்தது ஊர், குறை சொல்லவில்லை. குளிருக்கு உடம்பும் பச்சைக்குக் கண்ணும் நன்றாக இருந்தன, காதுதான் சும்மாவே இருந்தது.

அப்புறம் பக்கத்து வீட்டு கென் செத்துப்போனார். ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போனதை நான் பார்த்தேன், உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து நீ போனில் தெரு குரூப்பில் படித்துவிட்டு "கென் போய்ட்டாராம்மா"ங்கற. வா போகலாம் என்று புடவையைச் சரிசெய்தேன். நீ "இப்பல்லாம் போவக் கூடாதும்மா, துக்கக் கார்டு வாங்கிப் போடணும், அடக்கத்துக்குக் கூப்ட்டா போலாம்"னு தடுத்தாய். அடக்கம் எப்போது என்றால் மூன்று வாரம் ஆகும் என்றாய். ஒரு சுவர் தள்ளி ஒருத்தி புருஷனை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் கார்டு போட்டுவிட்டு மூன்று வாரம் காத்திருப்பதா. நீ டியூட்டிக்குப் போனதும் போனேன். சமையலறைப் பின்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. கென்னின் மனைவி பெரில் கழுவி வைத்த கோப்பையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கட்டிப்பிடித்தேன், நம் வழக்கப்படி வாய்விட்டு அழுதேன். அவர் கம்பம் மாதிரி நின்றார், பிறகு என் முதுகில் தட்டிக்கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தார். துக்கம் கேட்கப் போனவளை அவர் தேற்றினார். டீ குடிக்கிறாயா என்றார். சாவு வீட்டில் டீயா. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன், போய்வருகிறேன் என்று துக்க வீட்டில் சொல்லக் கூடாதே, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வந்தவள் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் உன் வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன், தோட்டத்துக் குழாயைத் திறந்து புடவையோடு நனைந்தேன். கார்த்திகைக் குளிர் அங்கே எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

எதிர் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் செய்தார், உங்கள் அத்தைக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று. நீ ராத்திரி வந்து என்னிடம் எல்லாம் கேட்டுவிட்டு ஆடினாயே ஆட்டம். "மூணு வருஷமா இந்தத் தெருவுல நான் சேத்து வெச்ச பேரு எல்லாம் போச்சு, சொல்லாம உள்ள போற, ஒரு பைபை கூட சொல்லாம எழுந்து வர, அவங்க என்னான்னு நெனைப்பாங்க"ன்னாய். பெரிலிடம் நீ மன்னிப்புக் கேட்டு எழுதினாய், என்னைக் கேட்காமல். அன்றிலிருந்து பெரில் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தத் தெருவில் நான் நன்றாகக் கேட்ட சத்தம் அது ஒன்றுதான். எனக்கு அது வலித்தது என்று உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன், அவ்வளவுதான். அதை வைத்து அழுவதற்கு எனக்கு நேரமும் இல்லை.

ஆனால் இப்போது நான் எழுதுவது அதைப் பற்றி இல்லை. போன மாதம் மாப்பிள்ளை லண்டன் ஆபீசுக்குப் போயிருந்த நாள் உனக்குத் தலை சுற்றி சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டாய், அவர் வரும்வரை அங்கேயே கிடந்தாய். இதை நீ என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய், "டைல்ஸு ஜில்லுனு நல்லாதாம்மா இருந்துது"ன்னாய். நானும் சிரித்துவிட்டு வைத்தேன். பிறகு பெட்ஷீட் பிழியும்போது கை நின்றுவிட்டது. கையில் போன் இருக்கிறது, சுற்றிலும் வீடு இருக்கிறது, நர்ஸ் வேறு நீ, ஏன்டி யாரையும் கூப்பிடவில்லை. வலி மாப்பிள்ளை இல்லாத நாளில் எடுத்தால் என்ன செய்வாய். நான் வந்து பக்கத்தில் இருந்தாலும் எனக்கு அங்கே கார் ஓட்டத் தெரியாது, ஆஸ்பத்திரி அரை மணி தூரம், அந்த பஸ்ஸை நம்ப முடியுமா.

நான் யோசித்துப் பார்த்தது இதுதான். இங்கே ராணியம்மாள் கேட்காமலே உள்ளே வருவாள், வேண்டாம் என்றாலும் குழம்பு வைத்துவிட்டுப் போவாள், பாதி நாள் அவளை விரட்டத்தான் தோன்றும். உங்கள் தெருவில் அப்படி இல்லை, அவர்கள் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள். காரை நிறுத்தியவளும் கேட்டாள், எதிர் வீட்டுக்காரரும் கேட்டார். நாம் கேட்டால் செய்யாமல் இருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ இந்த இரண்டிலும் இல்லாமல் நடுவில் நிற்கிறாய். நம் ஊர் மாதிரி ஒருத்தி தானாக உள்ளே வந்தால் உனக்கு வெட்கம், அவர்கள் ஊர் மாதிரி வாயைத் திறந்து கேட்கவும் உனக்கு வெட்கம். நல்ல பேர் சேர்த்திருக்கிறேன் என்கிறாயே, எடுத்துச் செலவு செய்யாத பேரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்.

அதனால் மாப்பிள்ளை சொன்னதை எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். தபால்பெட்டி தாண்டமாட்டேன். பதிலுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன், நீ செய்தால் டிக்கெட் போடச் சொல். பெரிலுக்குக் கார் ஓட்டத் தெரியும், அவர் வீடு உன் வீட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. நீ போ. பின்பக்கம் வேண்டாம், முன்வாசலுக்குப் போய் மணியடி. கார்டு போடாதே, மெசேஜ் அனுப்பாதே, மாப்பிள்ளையை அனுப்பாதே. எனக்கு இத்தனையாவது மாதம், என் வீட்டுக்காரர் இல்லாத நேரம் வலி வந்தால் உங்களைக் கூப்பிடலாமா என்று நீயே நின்று கேள். அவர் முடியாது என்றால் முடியாது, என்னால்தான் அப்படிச் சொன்னாரோ என்று நான் நினைத்துக்கொள்வேன், அது என் பாடு. நீ கேட்டாயா என்பதுதான் எனக்கு வேண்டும். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நீ போகாம இருப்பியா, சும்மா மெரட்டாத"ங்கறார். அவருக்கு என்னைத் தெரியும் என்று நினைப்பு. இந்த முறை நீ கேட்காவிட்டால் வரமாட்டேன். நான் வந்து மூன்று மாதம் உனக்குச் சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், அப்புறம் நீயும் குழந்தையும் அந்தத் தெருவில் யாரை நம்பி இருப்பீர்கள்.

நீயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிய அண்ணாமலையான் துணை. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல். இரும்பு மாத்திரையைக் காபியோடு போடாதே. பெரில் என்ன சொன்னார் என்பதை எனக்காக இனிப்புத் தடவாமல், அவர் சொன்ன வார்த்தையாகவே சொல். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசு.

உன் அம்மா,
வே. அருணாதேவி